ஐந்தரைக் கட்டை

அக்கா பாடும் சுருதியை, அவளுக்குத் தெரியாமல், மாதத்துக்கு ஐந்து புள்ளி வீதம் நான் இறக்கினேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல நல்லவள் வேஷம் கட்ட ஆரம்பித்துவிடுவேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நானும் அக்காவும் சேர்ந்து பாடுகிறவர்கள். பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், உறையூர், மிஞ்சிப்போனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை. நவராத்திரி மண்டபங்களிலும் கல்யாண வரவேற்புகளிலும், சாப்பாட்டுப் பந்தி எப்போது போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முன்னால் பாடியிருக்கிறோம். ஆனாலும் இந்த வட்டாரத்தில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஐந்தரைக் கட்டை அக்கா தங்கை.

பாடுகிறவர் எந்த உயரத்தில் சுருதி வைத்துக்கொள்கிறார் என்பதை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். கட்டை ஏற ஏறக் குரல் உசரத்துக்குப் போக வேண்டும். ஐந்தரை வைத்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு, மேல் ஸ்தாயியில் பஞ்சமம் வரை போய், அங்கே நின்று நிதானமாக ஊரைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவள் எங்கள் அக்கா ஒருத்திதான். நான் பின்னாலேயே ஓடுவேன். அவள் நிற்கும் இடத்தில் எனக்கு மூச்சு வாங்கும். கேட்கிறவர்களுக்கு இரண்டு குரலும் ஒன்றாகத் தெரியும். அதில் அவள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

அத்திம்பேர் போன பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்தபோதுதான் டேப்லெட் வந்தது. எங்கள் பாட்டெல்லாம் ஏழு நீள நோட்டுகளில் இருந்தன. மேலே ஸ்வரம், கீழே சாகித்யம், எல்லாம் அக்காவின் பொடி எழுத்து. அவள் எழுத்தை அவளாலேயே படிக்க முடியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் பத்து இஞ்ச் டேப்லெட் ஒன்றை வாங்கி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து ஏற்றினேன். இரண்டு விரலால் விரித்தால் ஒரு ஸ்வரம் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிசா எழுதியிருந்தா நான் என்னிக்கோ பெரிய வித்வாம்சினி ஆயிருப்பேன்டி" என்றாள்.

முதல் தடவை அதை மேடையில் வைத்தபோது முன்வரிசை மாமா ஒருவர், "என்னம்மா, மனப்பாடம் கிடையாதா?" என்று கேட்டார். "மனப்பாடமெல்லாம் இருக்கு மாமா. எந்தப் பாட்டுன்னு கேட்டாத்தான் ஞாபகம் வரமாட்டேங்கறது" என்றாள் அக்கா. அவரே சிரித்துவிட்டார்.

எங்கள் பழைய மின்சார சுருதிப்பெட்டியின் திருகு தளர்ந்து, பாட்டு நடுவில் தானாக நழுவும். அதனால் தம்பூராவையும் டேப்லெட்டிலேயே வைத்துக்கொண்டோம். திரையில் பாட்டு இருக்கும், அதற்குப் பின்னால் சுருதி ஓடும். சுருதி எத்தனை என்று காட்டும் எண் இருக்கும் பக்கத்தை மேலே கொண்டுவந்தால்தான் தெரியும். அக்கா அதைக் கொண்டுவந்ததில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வருஷம் மார்கழியில் அவளுக்கு மேலே குரல் ஒட்டிக்கொண்டது. பனி என்றாள். அப்புறம் தயிர் என்றாள். தை பிறந்து, மாசியும் போய், பனியையும் தயிரையும் குறை சொல்ல முடியாமல் போன பிறகு ஒரு நாள் காலைச் சாதகத்தில், கச்சேரியில் முதலில் பாடும் வர்ணத்தின் சரணத்தில் இரண்டு முறை மேலே போய் இரண்டு முறையும் இடறினாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐந்தரை போச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்டி. நாலு பேர் பரிதாபப்பட்டுக் கேக்கறதுக்குப் பாட மாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கண்ணும் போய்க்கொண்டிருந்தது. பாட்டும் இல்லையென்றால் அந்த இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாள்? எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் நிஜம், அதை மட்டும் இப்போதும் யார் முன்னாலும் சொல்வேன்.

டேப்லெட்டில் ஒவ்வொரு அரைக் கட்டையையும் நூறு புள்ளிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்து புள்ளி இறக்கினால் யார் காதுக்கும் தெரியாது. மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஐந்து இறக்கினேன். அடுத்த மாதம் இன்னொரு ஐந்து. கணக்கு டீச்சர் அல்லவா, தேதி தவறவில்லை. இருபது மாதத்தில் ஐந்தரை ஐந்தாகியிருந்தது. அக்கா மறுபடி மேல் பஞ்சமத்தில் போய் நின்றாள். "பாத்தியா, தயிரை விட்டதும் தொண்டை திறந்துடுத்து" என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தைப் பார்த்து நான் ஒரு புண்ணியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? எங்களுக்கு இருபது வருஷமாக வாசிக்கும் வயலின்காரர் முதல் சில மாதங்களுக்குள்ளேயே ஒரு நாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் பேசாமல் பிருடையைத் திருகித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். மிருதங்கக்காரர் ஒரு கட்டத்தில் வேறு மிருதங்கம் எடுத்துவர ஆரம்பித்தார். மேடைக்குப் பின்னால் காப்பி குடிக்கும்போது, "நல்ல எண்ணம்தான் மாமி. எதுவரைக்கும் இறக்குவேள்?" என்று கேட்டார். எங்கள் உலகத்தில் மூத்தவர்களின் குறையை முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அதை மரியாதை என்போம். அந்த மரியாதையின் முதுகில் ஏறிக்கொண்டுதான் நான் மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

உண்மை சொல்லும் பொருள்கள் வீட்டில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, வாயால் ஊதும் பிட்ச் பைப். அதில் ஐந்தரை என்று போட்டிருக்கும் துளையில் ஊதினால் ஐந்தரைதான் வரும், அதற்கு யார் மேலும் இரக்கம் கிடையாது. அதைப் பழைய கூஜாவுக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இன்னொன்று எங்கள் பழைய கச்சேரி. எங்களுக்கு முப்பது சொச்சம் வயதிருக்கும்போது திருச்சியில் ஒரு மண்டபத்தில் பாடியதை யாரோ கேசட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே பதிவு அதுதான். நாடா பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் தில்லைநகரில் ஒரு கடையில் கொடுத்து டேப்லெட்டுக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றிய பிறகு கேசட்டைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். ஒரு நாள் கூடவே பாடிப் பார்த்திருக்கிறாள். நான் பாத்திரத்தை ஒழித்துவிட்டு வந்தபோது உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, இதுல சுருதி ஒசரமா இருக்கே. நாம ஐந்தரைதானே பாடினோம்?"

"பழைய நாடா இல்லையா அக்கா. மெஷின் ஸ்பீடா ஓடினா சுருதி ஏறிடும். நான் சரி பண்றேன்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கேசட் கோணல் என்றேன்.

அன்றைக்கே அந்தக் கச்சேரி முழுவதையும் எங்கள் அப்போதைய சுருதிக்கு இறக்கிச் சேமித்தேன். சுருதி இறங்க இறங்க அதையும் இறக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே எழுதினேன். இரண்டு இருந்தால் அக்காவின் விரல் தப்பானதைத் தொட்டுவிடுமே என்ற பயம். போகப்போக எங்கள் முப்பது வயதுக் குரல் கொஞ்சம் கனத்து, ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆயிற்று. அக்கா அதைக் கேட்டு, "அப்பவே நமக்கு நல்ல கனமான சாரீரம்டி" என்று சந்தோஷப்பட்டாள்.

இப்படியாக நாங்கள் நாலரைக்கு வந்து சேர்ந்தோம்.

போன நவராத்திரிக்கு முந்தின வாரம் எங்கள் மிருதங்கக்காரர் வீட்டில் ஒரு துக்கம். அவரே புதுக்கோட்டையிலிருந்து வேறொருவரை ஏற்பாடு செய்தார். புதிதாக வாசிக்க வருகிறவர் முன்கூட்டியே போன் செய்து எத்தனை கட்டை என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அதற்கேற்ற மிருதங்கத்தைத்தான் எடுத்துவர வேண்டும். ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை முன்னே பின்னே இழுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இழுத்தால் பேசாது. அவர் கூப்பிட்ட நேரம் நான் காய்கறி வாங்கக் கீழே போயிருந்தேன். அக்கா போனை எடுத்தாள்.

"ஐந்தரைன்னு சொன்னேன். இந்த வயசிலயான்னு அசந்துபோயிட்டார் பாவம்" என்று பூரிப்போடு என்னிடம் சொன்னாள்.

உடனே பால்கனிக்குப் போய் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். மூன்று நாள் அவகாசம் இருந்தது. கையில் போனை எடுப்பேன், இவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வைத்துவிடுவேன். மண்டபத்தில் தனியாகப் பார்த்துக் காதில் போட்டுவிடலாம், விவரம் தெரிந்தவர் புரிந்துகொள்வார், எல்லாரும் புரிந்துகொண்டார்களே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்த மடத்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

அன்று புதுக்கோட்டை ரோட்டில் பஸ் தாமதம். மனிதர் வேர்த்து விறுவிறுத்து, திரை திறந்த பிறகு நேரே மேடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் டேப்லெட்டில் சுருதியைப் போட்டேன். அவர் வலது பக்கத்தைத் தட்டினார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி தட்டினார். வயலின்காரர் அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். புதியவர் மிருதங்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாமி, ஐந்தரைன்னு சொன்னேள். நாலரைன்னா ஓடறது? கை தவறி இறங்கியிருக்கும், ஏத்திடுங்கோ" என்றார். நல்ல மனிதர். உபகாரம் என்று நினைத்துத்தான் சொன்னார். மைக் திறந்திருந்தது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சபையைப் பார்த்தபடியே, "ஏத்துடி" என்றாள்.

ஏற்றினேன். ஐந்தரையில் தம்பூரா மண்டபம் முழுக்கப் பரவியது. மூன்று வருஷத்துக்கு மேல் நாங்கள் கேட்காத சுருதி. அக்காவின் தோள் ஒரு தடவை அசைந்தது. தன் வீட்டுச் சாவி தன் பூட்டில் நுழையாதவள் மாதிரி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வர்ணத்தை எடுத்தாள். பல்லவி போயிற்று. வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரத்தில் மேலே போகும்போது குரல் உடைந்தது. அதே இடத்தை மறுபடி எடுத்தாள், மறுபடியும் உடைந்தது. நான் கைகொடுத்திருக்க வேண்டும். என் குரலும் எழும்பவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். மங்கிய கண்தான், ஆனாலும் அந்தப் பார்வை என்னைத் தப்பவிடவில்லை.

"இருந்த இடத்துக்கே இறக்கு" என்றாள்.

இரண்டு மணி நேரம் நாலரையில் பாடினாள். ஒரு இடம்கூட இடறவில்லை. புதியவரின் மிருதங்கம் அவ்வளவு தூரம் இறங்காமல் தகரத்தைத் தட்டுவதுபோலக் கேட்டது. மங்களம் முடிந்ததும் அவருக்கு மட்டும் கைகூப்பி, "உங்க மேல தப்பில்லை, நன்னா வாசிச்சேள்" என்று சொன்னாள். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்ந்ததும் நேரே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை காப்பியைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் ஆயிடுத்து. மேலேயே இருக்கும்."

"வயலினுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நம்ம மிருதங்கம்?"

"தெரியும் அக்கா."

"ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தயிர்." அவள் சிரிக்கவில்லை. "எனக்காகத்தான் இறக்கினியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ பொய் வாயில் வரவில்லை. "முதல் வருஷம் உனக்காகத்தான். அப்புறம் எனக்கும் சௌகரியமா இருந்தது" என்றேன். அது உண்மை. ஐந்தைத் தாண்டி இறக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு மூச்சு வாங்காமல் இருந்தது. அதனால் இறக்கிக்கொண்டே போனேன்.

"கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லிப் பாட்டையே விட்டிருப்பே."

"விட்டிருப்பேன். என் பாட்டை விடறதுக்கு எனக்குப் பாத்தியதை கிடையாதா?"

காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அவள் குடிக்கவில்லை, நானும் வேறு போட்டுத் தரவில்லை.

விஜயதசமி அன்று படிக்கிறவர்கள் படிக்க வேண்டும், பாடுகிறவர்கள் பாட வேண்டும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் டேப்லெட்டை வைத்துப் பொட்டு இட்டேன். அக்கா சுண்டலை நைவேத்தியம் செய்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத் தனியாகப் பாட வாய் வரவில்லை. அறுபது வருஷத்தில் எங்கள் வீட்டில் விஜயதசமி பாட்டில்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட்டால் தேவலை. உப்பு போதுமா என்று கேட்பாள், மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று கேட்பாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி நடந்துகொள்வாள்.

ஐப்பசி பிறந்து, துலா ஸ்நானத்துக்கு அம்மா மண்டபத்தில் கூட்டம் வர ஆரம்பித்தது. விடியற்காலையிலிருந்தே ரோட்டில் செருப்புச் சத்தம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அக்கா கேட்டாள்: "அந்தப் பிட்ச் பைப் எங்கே போட்டிருக்கே?"

ஸ்டூல் போட்டு ஏறிக் கூஜாவை இறக்கினேன். பைப்பைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். விரலால் தடவி, ஐந்தரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஊதினாள். கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் சரியாகவே பேசியது. உதட்டைத் திறந்து, பாடாமல் மூடிக்கொண்டாள்.

"நம்ம பழைய கச்சேரியைப் போடு. நீ இறக்கினது வேண்டாம். வந்தது வந்தபடி இருக்கறதைப் போடு."

அப்படி ஒன்று இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "அதையும் மேலேயே எழுதிட்டேன் அக்கா. திரும்ப ஏத்திப் போடறேன்" என்றேன்.

தில்லைநகர் கடையில் ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது, அவர்களிடம் பிரதி கிடையாது. இறக்கியதையெல்லாம் கூட்டி அத்தனை புள்ளியும் ஏற்றினேன். பாட்டு வந்தது. அத்தனை தடவை இழுத்துச் சுருக்கியதில் குரல்களின் ஓரமெல்லாம் பிசிறு தட்டியிருந்தது. தண்ணீருக்கடியிலிருந்து பாடுவதுபோல இருந்தது. ஆனால் அக்கா மேல் பஞ்சமத்தில் போய் நின்றாள். அந்த முப்பது வயது அக்கா, அசையாமல், ஊரைப் பார்த்துக்கொண்டு.

எதிரே இருந்த அக்கா பைப்பை ஊதி ஒத்துப் பார்த்தாள். "ஐந்தரைதான்" என்றாள்.

"ஆமாம்."

"அப்போ கேசட் ஸ்பீடா ஓடித்துன்னு சொன்னியே."

"அது பொய் அக்கா."

"இப்போ நீ ஏத்தியிருக்கே."

"இருந்த இடத்துக்குத்தான் ஏத்தியிருக்கேன். சத்தியமா."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பைப்பை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"நான் நிஜமாவே ஐந்தரைல பாடினேனாடி?"

"பாடினே அக்கா. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே."

"அன்னிக்கு வாசிச்சவா யாராவது இருக்காளா?"

அன்றைக்கு வயலின் வாசித்தவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. மிருதங்கம் வாசித்தவர் அவருக்கும் முன்னால் போய்விட்டார். தம்பூரா போட்டவள் எங்கள் அம்மா.

"இல்லை. நான்தான் இருக்கேன்" என்றேன்.

"நீதான் இருக்கே" என்று அக்கா சொன்னாள். பிறகு கையை நீட்டித் தடவிப் பார்த்து, டேப்லெட்டை அணைத்துவிட்டாள்.